கீழிருந்து மேலே படிக்கப்படும் முகவரி: தபால் போகிற வழி தெரிந்து தபால் அனுப்புவது எப்படி

கவரின் மேல் முகவரியை நாம் மேலிருந்து கீழே எழுதுகிறோம். அஞ்சல் துறை அதைக் கீழிருந்து மேலே படிக்கிறது. முதலில் பின்கோடு, அப்புறம் அஞ்சலகத்தின் பெயர், அப்புறம் தெரு, கதவு எண். பெயரைப் படிப்பது கடைசியில் வாசலுக்கு வரும் தபால்காரர் ஒருவர்தான். இடையில் இருப்பவர்கள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்கள். தனக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த கவருக்குப் போய்விடுவார்கள். தபால் தொலைந்தது, தாமதமானது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அந்த ஒரு நொடியில் நடப்பதுதான். யார் எந்த வரியைப் படிக்கிறார் என்று தெரிந்துகொண்டால் அதில் பாதியை அனுப்புகிறவரே தடுத்துவிடலாம்.

பின்கோடு: ஆறு இலக்கம், இரண்டு வாசிப்பு

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. வடிவமைத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல், மாநிலத்துக்கு ஒரு மொழி என்று பிரிப்பவர்கள் திண்டாடியதுதான் காரணம். தமிழ்நாட்டில் மட்டும் எத்தனை புதுப்பட்டி, எத்தனை புதூர் இருக்கின்றன என்று யோசித்தால் போதும்.

முதல் இலக்கம் நாட்டின் பெரும் பகுதியைக் குறிக்கும். 1 டெல்லி, பஞ்சாப் பக்கம். 4 மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் பக்கம். 5 ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம். 6 தமிழ்நாடும் கேரளமும். 9 ராணுவத்துக்கு. முதல் மூன்று இலக்கமும் சேர்ந்து ஒரு பிரிப்பு மாவட்டம். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். 612 001 என்றால் 612 கும்பகோணம் வட்டாரம், 001 கும்பகோணம் தலைமை அஞ்சலகம். 'சென்னை-17' என்று பழைய பழக்கத்தில் எழுதுகிறோமே, அதன் முழு உருவம்தான் 600 017, தியாகராய நகர்.

தபால் புறப்படும் ஊரில் பிரிப்பவர் முதல் மூன்றைப் பார்த்துக் கட்டு கட்டுவார். போய்ச் சேரும் ஊரில் பிரிப்பவர்தான் கடைசி மூன்றைப் பார்ப்பார். அதனால் எந்த இலக்கத்தில் பிழை என்பதைப் பொறுத்து இழப்பும் மாறும். கடைசி மூன்றில் பிழை என்றால் தபால் சரியான வட்டாரத்துக்கே வந்து தவறான அஞ்சலகத்தில் நிற்கும். அங்கிருப்பவருக்குப் பக்கத்துத் தெருக்கள் தெரியும், திருப்பி விட்டுவிடுவார். முதல் மூன்றில் பிழை என்றால் கதை வேறு. 612ஐ 621 என்று மாற்றி எழுதினால், கும்பகோணத்துக் கவர் பெரம்பலூர், அரியலூர் பக்கம் போகும் பைக்குள் விழும். அங்கே பையைத் திறந்து, 'இது நமக்கில்லை' என்று கண்டுபிடித்து, மறுபடி பைக்குள் போட்டு அனுப்ப வேண்டும். பின்கோடு எழுதி முடித்ததும் முதல் மூன்று இலக்கத்தை மட்டும் தனியாக ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

மாவட்டம் பிரிந்ததால் பின்கோடு மாறிவிட்டதா என்று பலர் குழம்புகிறார்கள். 2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. அதன் பின்கோடுகள் இன்றும் திருநெல்வேலியைப் போல 627இல்தான் தொடங்குகின்றன. அஞ்சல் துறையின் எல்லை வேறு, வருவாய்த் துறையின் எல்லை வேறு. புது மாவட்டப் பெயரை எழுதுங்கள், பழைய பின்கோட்டைத் தொடாதீர்கள்.

'அஞ்சல்', '(வழி)' என்ற இரண்டு சொற்கள்

கிராமத்து முகவரியில் இவை இரண்டும் அலங்காரம் அல்ல. அஞ்சலகங்கள் மூன்று வகை: தலைமை அஞ்சலகம், துணை அஞ்சலகம், கிளை அஞ்சலகம். கிளை அஞ்சலகத்துக்குத் தனிப் பின்கோடு கிடையாது. தனக்கு மேலே இருக்கும் துணை அஞ்சலகத்தின் பின்கோட்டையே அதுவும் பகிர்ந்துகொள்கிறது. ஆகவே ஒரே பின்கோட்டின் கீழ் பத்துக் கிளை அஞ்சலகங்களும் முப்பது ஊர்களும் இருக்கலாம். அந்த இடத்தில் பின்கோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் 'அஞ்சல்' என்று எழுதிய பெயர்தான் எந்தக் கிளைக்குப் பை என்று சொல்லும். '(வழி)' என்பது துணை அஞ்சலகத்தின் பெயர். பின்கோட்டில் ஓர் இலக்கம் அழிந்திருந்தால் கைகொடுக்கிற இரண்டாவது சாட்சி அதுதான்.

கிராமத்து முகவரியை இந்த வரிசையில் எழுதினால் எந்தக் கையிலும் நிற்காது:

பெறுநர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர்
கதவு எண், தெரு
ஊர்
கிளை அஞ்சலகம் இருக்கும் ஊர் – அஞ்சல்
துணை அஞ்சலகம் – (வழி)
வட்டம், மாவட்டம்
பின்கோடு, கைபேசி எண்

ஊரும் அஞ்சலும் ஒன்றாகவே இருந்தால் இரண்டு முறை எழுத வேண்டாம். தந்தை பெயரைப் பழமை என்று விட்டுவிடாதீர்கள். ஒரே தெருவில் மூன்று முருகேசன் இருக்கும் ஊரில் தபால்காரருக்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. தமிழ்நாட்டுக்குள் போகும் தபாலுக்குத் தமிழில் எழுதலாம். வெளிமாநிலத்துக்கு என்றால் ஊர், மாநிலம், பின்கோடு மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

ராணுவத்தில் இருப்பவருக்கு அனுப்புகையில் அவர் பணிபுரியும் ஊர்ப் பெயரை எழுதவே கூடாது. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, '56 ஏபிஓ' அல்லது '99 ஏபிஓ' (ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சலகம்) வழியாக, 9இல் தொடங்கும் பின்கோடு. அவ்வளவுதான். மீதியை ராணுவ அஞ்சல் சேவை பார்த்துக்கொள்ளும்.

2025 மே மாதம் டிஜிபின் என்ற பத்து எழுத்து-எண் குறியீட்டையும் துறை வெளியிட்டது. ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. முகவரியோடு கூடுதலாக எழுதலாம், பின்கோட்டுக்கு மாற்று அல்ல.

இரண்டு துறை போல இயங்கும் ஒரு துறை

அஞ்சல் துறை ஒன்றிய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. நாடு முழுக்க 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள், பத்தில் ஒன்பது கிராமங்களில். நாடு 23 அஞ்சல் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வட்டத்துக்கு முதன்மை அஞ்சல் துறைத் தலைவர், அதற்குக் கீழே மண்டலத்துக்கு அஞ்சல் துறைத் தலைவர், கோட்டத்துக்குக் கண்காணிப்பாளர், உட்கோட்டத்துக்கு ஆய்வாளர். தமிழ்நாடு வட்டத்தில் சென்னை நகரம், திருச்சியைத் தலைமையாகக் கொண்ட மத்திய மண்டலம், மதுரையில் தென் மண்டலம், கோவையில் மேற்கு மண்டலம் என நான்கு. புதுச்சேரியும் இந்த வட்டத்துக்குள்தான் வருகிறது.

இது கவுன்ட்டரும் பட்டுவாடாவும் இருக்கும் பக்கம். மக்கள் கண்ணுக்குப் படாத இன்னொரு பக்கம் ஆர்எம்எஸ், அதாவது ரயில்வே அஞ்சல் சேவை. திருச்சியில் 'டி' கோட்டம், மதுரையில் 'எம்ஏ' கோட்டம், கோவையில் 'சிபி' கோட்டம் என்று அதற்குத் தனி நிர்வாகமே உண்டு. தபாலின் பயணத்தில் இரண்டு முனைகளும் அஞ்சலகத்தின் கையில், நடுவழி முழுக்க ஆர்எம்எஸ் கையில். ரயில் என்பது பெயரில்தான் பெரிதாக நிற்கிறது. இப்போது லாரி, வேன், விமானம் எல்லாம் சேர்ந்துதான் பைகளைச் சுமக்கின்றன. 'உங்க தபால் எங்ககிட்ட இல்ல சார்' என்று அஞ்சலகத்தில் சொன்னால் அது தட்டிக்கழிப்பதாகவே இருக்க வேண்டியதில்லை. பை உண்மையிலேயே அடுத்த நிர்வாகத்தின் கையில் இருக்கலாம்.

கிளை அஞ்சலகத்தை நடத்துபவர்கள் கிராம அஞ்சல் ஊழியர்கள். நாளுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேர வேலை. அலுவலகத்துக்கான இடத்தைக் கிளை அஞ்சல் அதிகாரியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதனால் அது பல ஊர்களில் ஒரு வீட்டுத் திண்ணையாகவோ முன்னறையாகவோ இருக்கும். துணை அஞ்சலகத்திலிருந்து வரும் பையோடுதான் தபாலும் பணமும் கணக்கும் வரும், திரும்பும் பையோடுதான் போகும். கிளை அஞ்சலகத்தில் கையிருப்பாக வைத்துக்கொள்ளக்கூடிய பணத்துக்கு வரம்பு உண்டு. சேமிப்புக் கணக்கிலிருந்து பெரிய தொகை எடுப்பதானால் முதல் நாளே சொல்லிவையுங்கள். சொன்னால்தான் மறுநாள் பையில் பணம் வரும்.

பை கட்டும் நேரம்

எந்த அஞ்சலகத்தில் கேட்டாலும் வேலை நேரத்தைச் சொல்வார்கள். கேட்க வேண்டியது அதை அல்ல: 'இன்னைக்குப் பை எத்தனை மணிக்குக் கட்டுவீங்க?' கவுன்ட்டர் 4 மணி வரை திறந்திருந்து, பை 3 மணிக்கே கட்டப்பட்டால், 3.10க்குக் கொடுத்த ஸ்பீட் போஸ்ட் இரவு முழுக்க அங்கேயே தூங்கும். அவசரம் என்றால் பை கட்டும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள், அல்லது தலைமை அஞ்சலகத்துக்குப் போங்கள். பெரிய ரயில் நிலையங்களை ஒட்டிய ஆர்எம்எஸ் கவுன்ட்டர்களில் அஞ்சலகங்கள் மூடிய பிறகும் வாங்குவது உண்டு. உங்கள் ஊரில் எத்தனை மணி வரை என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தெருவோரச் சிவப்புப் பெட்டியில் போடுவதானால் அதன் மேல் இருக்கும் எடுப்பு நேரத்தைப் பாருங்கள்.

எதில் அனுப்புவது

அஞ்சல் அட்டை 50 காசு, உள்நாட்டுக் கடிதம் 2.50 ரூபாய், சாதாரணக் கவர் 20 கிராம் வரை 5 ரூபாய். ஏ4 தாள் ஒன்று, 80 ஜிஎஸ்எம் ஆக இருந்தால், 5 கிராம் எடை. சின்ன கவரில் மூன்று தாள் வைத்தால், கவரின் எடையும் சேர்ந்து 20 கிராமைத் தொட்டுவிடும். நான்காவது தாளுக்கு இன்னொரு 5 ரூபாய் அஞ்சல்தலை ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் குறையும் தொகையைப் போல இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் கேட்பார்கள். அவர் வாங்க மறுத்தால் கவர் உங்களிடமே திரும்பும்.

சாதாரணக் கவருக்கு எண் கிடையாது, தேடவும் முடியாது. சான்றிதழ், கடவுச்சீட்டு நகல், வேலை விண்ணப்பம் போன்றவற்றை அதில் அனுப்ப வேண்டாம்.

'ரிஜிஸ்டர் போஸ்ட் கொடுங்க' என்று கேட்டால் இனி அந்தப் பெயரில் தனியாக ஒன்று இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெறும் ஸ்பீட் போஸ்ட் முகவரியில் ஒப்படைக்கப்படும். வீட்டில் இருக்கும் வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம். பதிவுத் தபாலைப் போலப் பெறுநர் கையிலோ அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவர் கையிலோதான் சேர வேண்டும் என்றால், 'ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்துப் போடுங்க' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புபவர்கள் இதை மறக்கவே கூடாது.

2025 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள கட்டணப்படி, 50 கிராம் வரையான ஸ்பீட் போஸ்ட் உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு எவ்வளவு தூரமானாலும் 47 ரூபாய். 51 முதல் 250 கிராம் வரை உள்ளூருக்கு 24, வெளியூருக்குத் தூரத்தைப் பொறுத்து 59 முதல் 77 வரை. இவற்றோடு ஜிஎஸ்டி தனி. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 5 ரூபாய், ஓடிபி சொன்னால்தான் ஒப்படைக்கும் வசதிக்கு இன்னொரு 5 ரூபாய், இவற்றுக்கும் வரி உண்டு. மாணவர்களுக்குக் கட்டணத்தில் 10 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது. அடையாள அட்டையோடு போய்க் கேட்டுப் பெறுங்கள். பெரிய கவரோடு ஏழெட்டுத் தாளில் 50 கிராம் முடிந்துவிடும், அதனால் அட்டை வைத்த கோப்பைக் கவருக்குள் போடாதீர்கள்.

புத்தகம் அனுப்புபவர்களுக்கு 2025 மே 1 அன்று வந்த ஞான் போஸ்ட் இருக்கிறது. 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாயில் முடியும், வரி தனி. தரைவழியாகப் போகும், அவசரத்துக்கு ஆகாது. பதிப்பாளர் அல்லது அச்சிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். விளம்பரப் புத்தகங்களுக்குச் செல்லாது.

கட்டுவதும் கவுன்ட்டரில் கொடுப்பதும்

பார்சலைக் கட்டும்போது உங்கள் பெட்டியின் மேல் இன்னும் பத்துப் பெட்டிகள் அடுக்கப்படும் என்று நினைத்துக் கட்டுங்கள். மூடிய பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் காகிதத்தைக் கசக்கி இடைவெளியை நிரப்புங்கள். அனுப்புநர், பெறுநர் இருவரின் முகவரியையும் கைபேசி எண்ணோடு ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளும் ஒன்று போடுங்கள். மேலே ஒட்டியது கிழிந்து போன பார்சலைக் காப்பாற்றுவது அந்தத் தாள் ஒன்றுதான். ஜெல் பேனா மழையில் கரையும். பால்பாயின்ட் பேனாவால் எழுதி, மேலே ஒளி ஊடுருவும் டேப் ஒட்டுங்கள். ஆனால் பார்கோடு ஒட்ட உள்ளங்கையளவு சமமான இடம் விடுங்கள். பெட்டியின் மூலையில் மடிந்து ஒட்டப்பட்ட பார்கோட்டை ஸ்கேனர் படிக்காது.

ஊறுகாய், எண்ணெய் பாட்டில்தான் பெரிய வில்லன். ஒரு பாட்டில் கசிந்தால் அந்தப் பையில் இருக்கும் அத்தனை பேர் கடிதமும் நாசம். பட்டாசு, சென்ட், லைட்டர் போன்ற தீப்பற்றும் பொருள்கள் வாங்கமாட்டார்கள். ரூபாய் நோட்டைக் கவருக்குள் மறைத்து அனுப்புவது விதிமீறல். காணாமல் போனால் கேட்கவும் முடியாது.

கவுன்ட்டரில் எழுத்தர் முதலில் பின்கோட்டைத்தான் கணினியில் அடிப்பார். உடனே பட்டுவாடா அஞ்சலகத்தின் பெயர் திரையில் வரும். 'எந்த ஆபீஸ் காட்டுது?' என்று கேளுங்கள். நீங்கள் நினைத்த ஊர் இல்லை என்றால் அங்கேயே திருத்திவிடலாம், பிறகு முடியாது. ரசீதை வாங்கியதும் பின்கோடு, பெறுநர் பெயர், எடை, இரண்டு கைபேசி எண்கள் ஆகியவற்றைக் கவுன்ட்டரை விட்டு நகராமல் சரிபாருங்கள். அப்படியே ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத் தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும்.

எண்ணைப் படிப்பது

ரசீதில் இருக்கும் எண் பதின்மூன்று குறிகள் கொண்டது. முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் சும்மா வருவதில்லை, அது முன்னால் உள்ள எட்டையும் காவல் காக்கும் சரிபார்ப்பு இலக்கம். போனில் ஒருவர் சொல்லி நீங்கள் எழுதிக்கொண்ட எண் சரியா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 12345678 என்றால் 8+12+12+8+15+30+63+56 = 204. இதை 11ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றிலிருந்து 6ஐக் கழித்தால் 5. ஆக ஒன்பதாவது இலக்கம் 5 ஆக இருக்க வேண்டும். கழித்து வருவது 10 என்றால் 0 என்றும், 11 என்றால் 5 என்றும் கொள்ள வேண்டும்.

இணையத்தில் தேடும்போது அதிகம் பயமுறுத்துவது 'பேக்டு', 'டிஸ்பாட்ச்டு' என்று காட்டிவிட்டு ஒன்றிரண்டு நாள் எந்த அசைவும் இல்லாமல் இருப்பது. தபால் பைக்குள் போய் வாய் கட்டப்பட்ட பிறகு வழியில் ஸ்கேன் ஆவது பையின் எண், உள்ளே இருக்கும் கவரின் எண் அல்ல. பையை அடுத்த இடத்தில் திறக்கும்போதுதான் உங்கள் கவர் மறுபடி பேசும். அதனால் நெடுந்தூரத் தபாலுக்கு இரண்டு நாள் மௌனம் இயல்பு. ஒரே அலுவலகத்தில் 'வந்தது' என்று பதிவாகி மூன்று நாள் கிளம்பாமல் இருந்தால் அதுதான் கவலைக்குரியது.

வாசலில்

பட்டுவாடா அஞ்சலகத்தில் காலையில் பை திறந்து, பீட் (ஒரு தபால்காரர் சுற்றிவரும் தெருக்கள்) வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தபால்காரரும் தன் கட்டைத் தான் நடக்கும் தெரு வரிசைப்படி அடுக்கிக்கொண்டு கிளம்புகிறார். மாலை திரும்பி, கொடுத்தது எது, கொடுக்காதது எது, ஏன் என்று பதிவு செய்கிறார். 'கதவு பூட்டு' என்று வந்தால் அறிவிப்புச் சீட்டு வைத்திருப்பார். தபால் அஞ்சலகத்தில் ஏழு நாள் காத்திருக்கும், அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளலாம், அதன்பின் அனுப்பியவருக்கே திரும்பும். 'முகவரி போதாது' என்று வந்தால் அனுப்பியவர் அன்றே அந்த அஞ்சலகத்தைப் பிடித்துக் கதவு எண்ணோ அடையாளமோ சொன்னால் மறுநாள் பீட்டில் போக வாய்ப்புண்டு. வீடு மாறுபவர்கள் பழைய முகவரியின் பட்டுவாடா அஞ்சலகத்தில் புது முகவரியை எழுதிக் கொடுத்துவிடுங்கள். புது ஊர் அஞ்சலகத்தில் கொடுப்பதால் பயனில்லை, தபால் முதலில் வந்து நிற்பது பழைய இடத்தில்தான்.

பெறுநரும் இல்லாமல், அனுப்புநர் முகவரியும் இல்லாமல் நிற்கும் தபால் திரும்பு தபால் அலுவலகத்துக்குப் போகும். முகவரி கிடைக்குமா என்று பார்ப்பதற்காகக் கவரைப் பிரிக்கும் அதிகாரம் அங்கே உண்டு. அனுப்புநர் முகவரியைக் கவரின் பின்னால் எழுதச் சோம்பாதவர்களுக்கு இந்த நிலை வராது.

புகார்

1800 266 6868 கட்டணமில்லா எண். துறையின் இணையதளத்திலும் புகார் பதியலாம். 'என் தபால் வரவில்லை' என்று மட்டும் எழுதினால் புகார் இரண்டு நிர்வாகங்களுக்கு நடுவே பந்தாடப்படும். இப்படி எழுதுங்கள்: தபால் எண், பதிவு செய்த தேதி, அஞ்சலகம், கடைசி ஸ்கேன் எந்த அலுவலகத்தில் எந்த நேரம், அதன்பின் எத்தனை நாள் ஆகிறது. கடைசி ஸ்கேன் ஆர்எம்எஸ் அலுவலகத்தில் என்றால் அந்தக் கோட்டம் பதில் சொல்ல வேண்டும். பட்டுவாடா அஞ்சலகத்தில் என்றால் அந்த ஊர்க் கோட்டக் கண்காணிப்பாளர். 'ஒப்படைக்கப்பட்டது' என்று காட்டியும் கைக்கு வரவில்லை என்றால் கையெழுத்தின் நகலைக் கேளுங்கள். பெரும்பாலும் பக்கத்து வீட்டிலோ அடுக்ககக் காவலாளியிடமோ இருப்பது அப்போது தெரியவரும்.

கோட்ட அளவில் பதில் வராவிட்டால் மண்டலம், பிறகு வட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக் அதாலத் என்ற குறைதீர்ப்புக் கூட்டம் நடக்கிறது. தேதியும் மனு சேர வேண்டிய கடைசி நாளும் செய்தித்தாள்களில் வரும். மனுவோடு ரசீது நகலையும் முதல் புகாரின் எண்ணையும் இணைக்க வேண்டும். முதல் புகாரே பதியாமல் நேராக அங்கே போகிறவர்களைக் கோட்டத்துக்கே திருப்பி விடுவார்கள்.